சார்ஜர் துளையில் ஒரு திருடன்? - ‘ஜூஸ் ஜாக்கிங்’ பயத்தின் வரலாறு

ரயில் நிலையம், விமான நிலையம், பேருந்து, பெரிய கடை வளாகம் என்று மக்கள் கூடும் இடங்களில் செல்போனுக்கு இலவசமாக சார்ஜ் போடும் வசதி வந்துவிட்டது. கூடவே ஒரு எச்சரிக்கையும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பொது இடத்தில் சார்ஜ் போடாதீர்கள். போனில் உள்ள தகவல் எல்லாம் திருடு போகும், பேங்க் கணக்கு காலியாகிவிடும்!" இந்தத் திருட்டுக்கு ‘ஜூஸ் ஜாக்கிங்’ என்று பெயர். அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘ஜூஸ்’ என்றால் மின்சாரம். மின்சாரத்தைக் காட்டி ஆளைக் கவிழ்ப்பது என்று பொருள் கொள்ளலாம்.

இது உண்மையா, புரளியா? ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. பதில் கிடைக்க வேண்டுமானால் இந்தப் பயம் எங்கே பிறந்தது, எப்படி விருதுநகர், சிவகாசி வரைக்கும் வந்தது என்று பார்க்க வேண்டும். வாருங்கள் நண்பர்களே, கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

மின்சாரம் தனி, தகவல் தனி

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அடுத்த 10 ஆண்டுகளில் செல்போன் சாதாரண மக்களின் சட்டைப் பைக்கு இறங்கி வந்தது. 2003இல் வெளியான நோக்கியா 1100 இந்தியாவில் சக்கைப்போடு போட்டது. 2006இல் நோக்கியா நிறுவனம் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலையே தொடங்கியது. (அது 2014 நவம்பரில் மூடப்பட்டது தனிக்கதை.)

அந்தக் காலத்து நோக்கியா சார்ஜரை நினைத்துப் பாருங்கள். உருண்டையான ஒரு பின். அதற்குள் மின்சாரம் போக வழி உண்டு, தகவல் போக வழி கிடையாது. போனில் இருந்து கம்ப்யூட்டருக்கு எதையாவது மாற்ற வேண்டும் என்றால் டேட்டா கேபிள் என்று வேறொரு வயர், வேறொரு துளை. டீக்கடையில், பக்கத்து வீட்டில், முன்பின் தெரியாதவரிடம் "பெரிய பின்னா, சின்னப் பின்னா?" என்று கேட்டு சார்ஜர் வாங்கிப் போட்டார்கள். யாருக்கும் பயம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. அந்த பின் வழியாகத் திருட முடியாது!

இரண்டும் ஒன்றான கதை

மாற்றத்துக்குக் காரணம் யு.எஸ்.பி. இதன் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக் உள்ளிட்ட 7 நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. இன்டெல்லில் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அஜய் பட், குஜராத்தின் வதோதராவில் படித்தவர். கம்ப்யூட்டரின் பின்னால் கீ-போர்டுக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒரு துளை, பிரின்டருக்கு ஒரு துளை என்று இருந்த குழப்பத்தைத் தீர்ப்பதுதான் நோக்கம். போனுக்கு சார்ஜ் போடுவது அப்போது யாருடைய கணக்கிலும் இல்லை.

யு.எஸ்.பி. கேபிளின் பழைய வடிவத்தில் 4 கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. கீ-போர்டும் மவுஸும் தனியாகக் கரண்ட் கேட்காமல் கம்ப்யூட்டரிலேயே வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் மின்சாரக் கம்பியையும் உள்ளே வைத்தார்கள். அந்த வசதியைத்தான் செல்போன் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சார்ஜர் இருந்ததால் பழைய சார்ஜர்கள் குப்பையாகக் குவிந்தன. சீன அரசு 2006 டிசம்பரில் எல்லாப் போனுக்கும் யு.எஸ்.பி. வழி சார்ஜ் என்று ஒரு தரத்தை அறிவித்தது. 2009இல் ஐரோப்பாவில் பெரிய செல்போன் நிறுவனங்கள் மைக்ரோ யு.எஸ்.பி. என்ற ஒரே துளைக்கு ஒப்புக்கொண்டன. இப்போது எல்லாம் ‘சி’ டைப். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு அது சட்டப்படி கட்டாயம்.

மக்களுக்கு இது நல்ல காரியம். ஒரே சார்ஜர், குறைந்த செலவு, குறைந்த குப்பை. ஆனால் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்துவிட்டது. மின்சாரம் நுழையும் வாசலும் தகவல் வெளியேறும் வாசலும் ஒன்றாகிவிட்டன. சார்ஜ் போடுகிறோம் என்று நினைத்துச் செருகும் இடத்தின் மறுபக்கம் வெறும் கரண்டா, ஒரு கம்ப்யூட்டரா என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பாட்டு ஏற்றும் கடைகள்

இந்த ஆபத்தின் நம்ம ஊர் முன்னோடி ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2000களின் பிற்பாதியில் இருந்து சுமார் 10 ஆண்டுகள், தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் எல்லாம் ரீசார்ஜ் கடைகளில் "இங்கு மெமரி கார்டில் பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கொஞ்சம் பணம் கொடுத்தால் போதும், கார்டு நிறையப் பாட்டு கிடைக்கும். வாடிக்கையாளர் தன் போனையோ கார்டையோ கழற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார். அதில் குடும்பப் புகைப்படம் இருக்கும், வீடியோ இருக்கும், எல்லாமே இருக்கும். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் அன்று காலையில் இருந்து ஊரில் உள்ளவர் கார்டெல்லாம் செருகி எடுத்திருப்பார்கள். ஒருவர் கார்டில் இருந்த வைரஸ் அடுத்தவர் கார்டுக்குத் தாராளமாகப் போனது.

உலகத்திலும் அப்போது அதே நிலைதான். 2004இல் ‘கேபிர்’ என்ற வைரஸ் நோக்கியாவின் சிம்பியன் போன்களில் ப்ளூடூத் வழியாகப் பரவியது. 2008இல் வந்த ‘கான்ஃபிக்கர்’ பென் டிரைவ் வழியாகவும் பரவிப் பல லட்சம் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ‘ஸ்டக்ஸ்நெட்’, ஈரானின் அணுசக்தி நிலைய எந்திரங்களையே கெடுத்தது. இன்டர்நெட் இணைப்பு இல்லாத இடத்துக்குள்ளும் பென் டிரைவ் மூலம் நுழையும்படி அது எழுதப்பட்டிருந்தது. ஆக, தெரியாத துளையில் செருகுவது ஆபத்து என்பது சார்ஜர் பயத்துக்கு முன்பே நிரூபணமான விஷயம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் பாட்டு ஏற்றும் கடைகள் காணாமல் போய்விட்டன.

லாஸ் வேகாஸில் ஒரு சார்ஜிங் பெட்டி

‘ஜூஸ் ஜாக்கிங்’ என்ற சொல் பிறந்த இடம் அமெரிக்கா. 2011 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரத்தில் ‘டெஃப்கான்’ மாநாடு நடந்தது. இது ஹேக்கர்களும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்களும் ஆண்டுதோறும் கூடும் இடம். அங்கே ஒரு சார்ஜிங் பெட்டியை வைத்தார்கள். பல வகைப் போனுக்கும் கேபிள்கள், மேலே ஒரு திரை, அதில் "இலவச செல்போன் சார்ஜிங்" என்ற அறிவிப்பு.

யாராவது போனைச் செருகியதும் நீலமாக இருந்த திரை சிவப்பாக மாறும். ‘பொது இடப் பெட்டிகளை நம்பி உங்கள் போனைக் கொடுக்கக் கூடாது, உங்கள் அனுமதி இல்லாமலே தகவலை எடுக்கவோ போடவோ முடியும், பயப்படாதீர்கள், இந்தப் பெட்டி அப்படிச் செய்யாது’ என்ற பொருளில் எச்சரிக்கை வரும். பெட்டியைச் செய்தவர்கள் பிரையன் மார்கஸ் என்ற பாதுகாப்பு நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும்.

வேடிக்கை என்னவென்றால், மாநாடு நடந்த நாட்களில் குறைந்தது 360 பேர் அந்தப் பெட்டியில் போனைச் செருகினார்கள். எல்லோரும் இந்தத் துறையிலேயே புழங்குபவர்கள். பேட்டரி தீரப்போகிறது என்றால் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் எல்லாம் இல்லை போலும்!

பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் 2011 ஆகஸ்ட் 17 அன்று இதைப் பற்றி எழுதினார். ‘ஜூஸ் ஜாக்கிங்’ என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கட்டுரையால்தான்.

பூட்டும் சாவியும்

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பூட்டு - சாவிப் பந்தயம்.

2013இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘மாக்டன்ஸ்’ என்று ஒரு போலி சார்ஜரைச் செய்து காட்டினார்கள். (ஒரு விஷச் சிலந்தியின் அறிவியல் பெயர் அது.) உள்ளே சின்ன கம்ப்யூட்டர் போர்டு. ஐபோனைச் செருகிய ஒரு நிமிடத்துக்குள் அதில் திருட்டு ஆப் ஒன்றை ஏற்றிவிட்டது. போனை உடைக்கவில்லை, ஆளிடம் எதையும் கேட்கவும் இல்லை.

அதே 2013 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 7இல் ஆப்பிள் ஒரு கேள்வியைச் சேர்த்தது. போனைக் கம்ப்யூட்டரில் செருகினால் "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று போன் கேட்கும். நம்பலாம் என்று அமுக்கினால்தான் தகவல் போகும். ஆண்ட்ராய்டிலும் இதுபோல மாற்றங்கள் வந்தன. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கேபிளைச் செருகினால் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். ஃபைல்களைக் காட்ட வேண்டுமானால் போன்காரர் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். 2018இல் ஆப்பிள் இன்னொரு பூட்டும் போட்டது. போன் பூட்டியபடி ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் தகவல் வழி தானாக அடைபடும்.

சாவி செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. 2014இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் ‘பேட் யு.எஸ்.பி.’ என்ற வித்தையைக் காட்டினார்கள். பென் டிரைவ் போலத் தெரியும் ஒன்று, செருகியதும் "நான் ஒரு கீ-போர்டு" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லித் தானே தட்டச்சு செய்யும். 2019இல், பார்க்க அசல் சார்ஜிங் கேபிள் மாதிரியே இருந்து உள்ளே வைஃபை சிப் வைத்த கேபிள் வந்தது.

2025இல் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘சாய்ஸ்ஜாக்கிங்’ என்ற முறையை வெளியிட்டார்கள். "நம்பலாமா?" என்று போன் கேட்கும் கேள்விக்கு, போன்காரருக்குப் பதிலாகப் போலி சார்ஜரே கீ-போர்டு வேஷம் போட்டு "நம்பலாம்" என்று பதில் சொல்லிவிடும்! 8 நிறுவனங்களின் போன்களில் சோதித்தார்கள். ஆப்பிள் ஐஓஎஸ் 18.4இலும், கூகுள் ஆண்ட்ராய்டு 15இலும் இதற்கு மாற்று செய்தன. வெறும் "சரி" போதாது, பின் நம்பரோ கைரேகையோ கேட்கும் வகையில் கட்டுப்பாடு வந்தது. ஆனால் எல்லாக் கம்பெனியின் எல்லாப் போனுக்கும் புதிய அப்டேட் கிடைப்பதில்லை. விலை குறைந்த, பழைய போன் வைத்திருப்பவர்தான் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிறார்.

எச்சரிக்கை வந்தது, திருடன் வந்தானா?

2019 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் பயணிகளுக்கு எச்சரிக்கை விட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா தன் வாடிக்கையாளர்களை ட்விட்டரில் எச்சரித்தது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி பண மோசடி முறைகளைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது; அதிலும் சார்ஜிங் கேபிள் வழித் திருட்டுக்கு ஒரு பகுதி இருந்தது. 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் அலுவலகம் எச்சரித்ததும் உலகம் முழுவதும் செய்தி பறந்தது.

பிறகு பத்திரிகையாளர்கள் போய்க் கேட்டார்கள்: "இதுவரை எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்?" லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்திடம் ஒரு வழக்கும் இல்லை. எஃப்.பி.ஐ.யின் எச்சரிக்கையும் ஒரு குறிப்பிட்ட சம்பவத்தால் வந்ததல்ல. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமோ, ‘தொழில்நுட்ப ரீதியாக முடியும், ஆனால் உறுதியான சம்பவம் எதுவும் எங்களுக்குத் தெரியாது’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

ஆக, சோதனைக் கூடத்தில் நூறு முறை வென்ற திருடன், தெருவில் கையும் களவுமாகப் பிடிபட்டதாக உறுதியான வழக்கு இல்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பொது இடத்தில் ஒரு பெட்டியை மாற்றி வைக்கச் செலவு உண்டு, மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு, கிடைப்பதும் நிச்சயமில்லை. ஆனால் ஒரு போன் அழைப்பில் "உங்கள் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று கேட்க எந்தச் செலவும் இல்லை. திருட்டும் ஒரு வியாபாரம் என்றால், லாபம் அதிகமாகவும் செலவு குறைவாகவும் உள்ள வழியைத்தானே திருடன் தேர்ந்தெடுப்பான்?

மின்வெட்டு, புயல், ரயில்

திருடன் வரவில்லை என்பதற்காக விஷயம் முடிந்துவிடவில்லை. ஏனென்றால் பொது இடத்தில் சார்ஜ் போட வேண்டிய கட்டாயம் யாருக்கு அதிகம் என்று பார்க்க வேண்டும்.

2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் தவித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேலேயே கரண்ட் இருக்காது. சிவகாசி அச்சகங்கள் ஜெனரேட்டர் வைத்து ஓட்ட வேண்டியிருந்தது. கரண்ட் இருக்கும் இடத்தைத் தேடிப் போய் சார்ஜ் போடும் பழக்கம் அப்போது ஊறியது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களிலும் அதே நிலை. ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் போன்களை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேபிளை ஆராய மாட்டார்கள்.

இன்று போனில் இருப்பது பாட்டும் படமும் மட்டுமல்ல. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பரில் பண மதிப்பு நீக்கம் வந்தது. அதற்குப் பிறகு போனே பணப்பை. பருப்பு, எண்ணெய், வத்தல் என்று பல சரக்குக்கு விலை சொல்லும் ஊர் விருதுநகர். இங்குள்ள வியாபாரியின் கொள்முதல் கணக்கு, பாக்கிப் பட்டியல், ஜி.எஸ்.டி. பில் எல்லாம் போனுக்குள். தீபாவளி சீசனில் சிவகாசிக்கு வெளியூர் வியாபாரிகள் வருவார்கள்; ஆர்டரும் போனில், பணமும் போனில். பட்டாசுத் தொழிலாளியின் வாரக் கூலிகூட ஜிபே வழியாக வரலாம். அந்தப் போன் பூட்டு இல்லாமல் போனால் இழப்பு ஒரு குடும்பத்தின் மாதச் செலவாக இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. ரயில் பெட்டியில் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் வேறு, யு.எஸ்.பி. துளை வேறு. பொதிகையிலோ சிலம்பிலோ ஏறி, சொந்த சார்ஜரைச் சுவர் பிளக்கில் மாட்டினால் அங்கே மின்சாரம் மட்டும்தான் வரும்; தகவல் திருட வழியில்லை. அங்கே இருக்கும் ஆபத்து வேறு - தீ. இரவு முழுக்க சார்ஜில் கிடக்கும் போன் சூடாகித் தீப்பிடித்துவிடக் கூடாது என்றுதான் 2021 மார்ச்சில் ரயில்வே, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்த முடிவெடுத்தது. ஆனால் கேபிளை நேரடியாகச் செருகும் யு.எஸ்.பி. துளையும், ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் இலவசக் கேபிளும்தான் யோசிக்க வேண்டியவை.

தீப்பெட்டி சொல்லும் பாடம்

இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு என்ன என்பது சிவகாசிக்காரர்களுக்குப் புதிதல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கொல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதை இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தீக்குச்சிகள் எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். பாக்கெட்டிலேயே எரிந்த கதைகள் உண்டு. தீ பற்றத் தேவையான எல்லாமே குச்சியின் தலையிலேயே இருந்ததுதான் காரணம். 1844இல் ஸ்வீடனின் குஸ்டாஃப் எரிக் பாஷ், பாஸ்பரஸைத் தலையில் இருந்து எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுக்கு மாற்றினார். குச்சி தனி, உரசும் பட்டை தனி. இரண்டும் மனிதன் விரும்பிச் சேர்த்தால்தான் தீ. அதற்குப் பெயர் சேஃப்டி மேட்ச். சிவகாசி அதைத்தான் செய்கிறது.

யு.எஸ்.பி. செய்ததும் முதல் வகைத் தீக்குச்சி செய்ததும் ஒன்றே. தனியாக இருக்க வேண்டிய இரண்டை ஒன்றாக வைத்தது. தகவல் கம்பி இல்லாத சார்ஜ் கேபிள், ‘டேட்டா பிளாக்கர்’ என்று விற்கும் சின்ன அடாப்டர், போன் கேட்கும் "நம்பலாமா?" என்ற கேள்வி - மூன்றுமே இரண்டையும் மறுபடி பிரிக்கும் முயற்சிகள்.

ஐயக்கடனும் வராக்கடனும்

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். வராக்கடன் என்பது நிச்சயமாகப் போய்விட்ட பணம். ஐயக்கடன் என்பது போகலாம் என்று சந்தேகிக்கும் பணம். ஐயக்கடனுக்கு ஒரு சிறு ஒதுக்கு வைப்பார்கள். அதற்காகக் கடையை மூடிவிட மாட்டார்கள்.

ஜூஸ் ஜாக்கிங் ஐயக்கடன். ஓ.டி.பி. மோசடி, போலி லிங்க், போலி கே.ஒய்.சி. அழைப்பு, திரையைப் பகிரும் ஆப் (ரிசர்வ் வங்கி ‘எனிடெஸ்க்’ பற்றி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது), "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவது - இவை வராக்கடன். தினமும் நடப்பவை. ஐயக்கடனுக்குப் பயந்துகொண்டு வராக்கடனைக் கோட்டைவிடுவது நல்ல கணக்கு அல்ல. அதேசமயம் ஒதுக்கே வைக்காமல் இருப்பதும் நல்ல கணக்கு அல்ல.

அந்தச் சிறு ஒதுக்கு இதுதான்:

1. வெளியூர் போகும்போது சொந்த சார்ஜரும் சொந்த கேபிளும் எடுத்துச் செல்லுங்கள். சுவர் பிளக்கில் மாட்டுங்கள். முடிந்தால் பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பொது இடத்தில் தொங்கும் கேபிளையும், யாரோ விட்டுப்போன கேபிளையும் தொடாதீர்கள்.

3. வேறு வழியே இல்லாமல் யு.எஸ்.பி. துளையில் செருக நேர்ந்தால் போனைப் பூட்டியே வையுங்கள். "நம்பலாமா?", "ஃபைல் பரிமாற்றமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள். சார்ஜ் மட்டும் போட வந்த இடத்தில் அந்தக் கேள்வி வருவதே சந்தேகத்துக்குரியது.

4. ‘யு.எஸ்.பி. டீபக்கிங்’ என்ற அமைப்பு போனில் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாமல் போடுங்கள்.

5. எந்த வழியில் பணம் போனாலும் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

கடைசியாக ஒன்று. வீட்டில் இருக்கும் அப்பா, அம்மா, பாட்டியிடம் இதைச் சொல்லும்போது "பஸ் ஸ்டாண்டில் சார்ஜ் போட்டால் பேங்க் பணம் போய்விடும்" என்று பயமுறுத்த வேண்டாம். அவசரத்தில் சார்ஜ் இல்லாமல் தவிப்பதும் ஒரு ஆபத்துதான். "சொந்த சார்ஜர் போடுங்க, கேள்வி கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க, யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீங்க" என்று மூன்று விஷயம் சொன்னால் போதும். மூன்றில் முக்கியமானது மூன்றாவது!